ஹேட், லோத், டிடெஸ்ட், அப்ஹோர், டிஸ்பைஸ்: எந்த வெறுப்புக்கு எந்தச் சொல்?

கேள்வி இதுதான். தமிழ்ச் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் ஒருவர், ‘அவன் தன் மாமனாரை வெறுத்தான்’ என்ற வரியில் வந்து நின்றுவிட்டார். அகராதியைத் திறந்தால் ஹேட், லோத், டிடெஸ்ட், அப்ஹோர், டிஸ்பைஸ் என்று ஐந்து வினைச்சொற்கள். ஐந்துக்கும் ‘வெறு’ என்றே பொருள் போட்டிருக்கிறது. சிலவற்றுக்கு மட்டும் முன்னால் ‘மிகவும்’ சேர்த்திருக்கிறது. இவற்றில் எது அதிகம், எது குறைவு, இந்த வரிக்கு எதைப் போடலாம் என்று கேட்கிறார்.

அந்த ‘மிகவும்’தான் ஆளைக் குழப்புகிறது. பயிற்சிக் குறிப்புகளிலும் இந்தச் சொற்களை டிஸ்லைக்கில் தொடங்கி அப்ஹோர் வரை ஒரு படிக்கட்டு மாதிரி அடுக்கிக் கொடுக்கிறார்கள். டிஸ்லைக் கீழ்ப்படி என்பது உண்மைதான். வெறும் ‘பிடிக்காது’ அது. அதற்கு மேல் இருப்பவை படிகளே இல்லை. ஒருவனைக் கொல்ல நினைக்கும் அளவுக்கு ஹேட் பண்ணலாம். அவனைக் கொஞ்சமும் டிஸ்பைஸ் பண்ணாமல் இருக்கலாம். எதிரியின் திறமையைப் பார்த்து அசந்துகொண்டே அவனை வெறுக்கிறவர்கள் எத்தனையோ பேர். அளவு ஒன்றாகவே இருக்கும்போதும் சொல் மாறுகிறது என்றால், சொல்லைத் தீர்மானிப்பது அளவு இல்லை.

எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது, ஆளை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அடிக்கக் கிளம்பு என்கிறதா? மூக்கைப் பொத்திக்கொண்டு விலகு என்கிறதா? மேலே நின்று கீழே பார் என்கிறதா? பழைய காயத்தையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்க வைக்கிறதா? திசை தெரிந்துவிட்டால் சொல்லைத் தேட வேண்டியதே இல்லை.

இது நானாகக் கட்டிய விதி இல்லை. லத்தீன் வழி வந்த சொற்களின் முன்னொட்டுகளிலேயே இந்தத் திசை இருக்கிறது. ‘அப்’ என்றால் விலகி: அப்ஹோர், அபாமினேட் இரண்டும் அதில்தான் தொடங்குகின்றன. ‘அவெர்ஷன்’ என்பதிலும் அதே முன்னொட்டு தேய்ந்து நிற்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். டிஸ்பைஸில் வரும் ‘டி’ என்றால் கீழே. மனக்கசப்பைச் சொல்லும் ரிசென்ட்டில் வரும் ‘ரி’ என்றால் மறுபடி.

ஹேட்டிலிருந்து தொடங்கலாம். இது லத்தீன் இல்லை, பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். குழந்தையிலிருந்து நீதிபதி வரை எல்லாரும் சொல்வார்கள். ஓயாமல் புழங்குவதாலேயே தேய்ந்தும் போயிருக்கிறது. ‘ஐ ஹேட் மண்டேஸ்’ என்றால் திங்கட்கிழமை மேல் பகை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ‘ஐ ஹேட் டு பாதர் யூ’ என்பதில் வெறுப்பே இல்லை, அது மரியாதை. ‘உங்களைத் தொந்தரவு செய்வதை வெறுக்கிறேன்’ என்று தமிழில் எழுதினால் அபத்தமாகிவிடும். ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும்’ என்பதுதான் அங்கே பொருள். பாகற்காய், பேருந்து நெரிசல், விடிகாலையில் எழுவது எல்லாவற்றுக்கும் ஹேட் தாராளமாகப் போதும். பேச்சு வழக்கில் இன்னும் இயல்பாக வேண்டுமென்றால் ‘கான்ட் ஸ்டாண்ட்’. நம்முடைய ‘சகிக்கலை’க்கு மிக அருகில் வருவது அதுதான். இந்த மாதிரி இடங்களில் டிடெஸ்ட், அப்ஹோர் என்று போகிறவர்களின் ஆங்கிலம் விறைத்துப்போய்த் தெரியும்.

ஆனால் ஹேட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து நின்றால், தேய்ந்துபோன அந்தச் சொல்லுக்குப் பழைய பலம் திரும்பிவிடுகிறது. அரிஸ்டாட்டில் பேச்சுக்கலையைப் பற்றி எழுதும்போது கோபத்தையும் வெறுப்பையும் பிரித்துக் காட்டுகிறார். அவர் எழுதியது கிரேக்கத்தில் என்றாலும் ஹேட்டுக்கு அது அப்படியே பொருந்தும். கோபத்துக்கு ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டும்; வெறுப்பு ஒரு வகையினர் எல்லார் மேலும் வரலாம், திருடர்கள் மேல் வருவதுபோல. கோபம் நாளாக ஆக ஆறும், வெறுப்பு ஆறாது. கோபக்காரன் எதிராளி வலியை உணர வேண்டும் என்று நினைக்கிறான். வெறுப்பவனோ அவன் இல்லாமலே போக வேண்டும் என்று நினைக்கிறான். கடைசியில் சொன்ன இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேட் முன்னே போகும் வெறுப்பு. அதற்குள் தீங்கு நினைப்பு இருக்கிறது.

‘ஹேட் ஸ்பீச்’, ‘ஹேட் கிரைம்’ என்ற தொடர்களில் லோத்தோ டிடெஸ்ட்டோ வர முடியாமல் போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 1990இல் இத்தகைய குற்றங்களைக் கணக்கெடுக்கவே ஒரு சட்டம் வந்தது. அங்கே ஹேட் என்றால் அடித்தவனுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்பது இல்லை. அடிபட்டவரை அவருடைய இனத்துக்காகவோ மதத்துக்காகவோ தேர்ந்தெடுத்தானா என்பதுதான் கேள்வி. ஒரு வகையினர் மேலேயே வரக்கூடிய வெறுப்பு என்று அரிஸ்டாட்டில் சொன்னது இங்கே சட்டச் சொல்லாகவே ஆகியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான மனமும் உண்டு. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1725இல் தன் நண்பரான கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு எழுதிய கடிதத்தில், மனிதன் என்ற விலங்கை ஹேட், டிடெஸ்ட் என்று இரண்டு வினைகளையும் சேர்த்துப் போட்டு வெறுப்பதாகச் சொல்கிறார். அதே மூச்சில், ஜான், பீட்டர், தாமஸ் என்று தனித்தனி ஆட்களை மனதார நேசிப்பதாகவும் எழுதுகிறார். இரண்டு வினைகளை அவர் அடுக்கியது வெறும் அழுத்தத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. ஹேட் மனதுக்குள் இருப்பதைச் சொல்கிறது. டிடெஸ்ட் அதை வெளியே அறிவிக்கிறது.

டிடெஸ்ட்டின் வேரைப் பார்த்தால் இது புரியும். லத்தீனில் ‘டெஸ்டிஸ்’ என்றால் சாட்சி. டெஸ்டிஃபை, புரொடெஸ்ட், டெஸ்டமென்ட் எல்லாம் அந்தக் குடும்பம். தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபிப்பதுதான் டிடெஸ்ட்டின் ஆதிப்பொருள். நம் ஊரில் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவார்களே, அதேதான். இன்று சாபம் போய்விட்டது, ஆனால் அறிவிப்புத் தொனி மிச்சம் இருக்கிறது. ‘ஐ டிடெஸ்ட் ஹிப்பாக்ரசி’ என்று ஒருவர் சொன்னால், பாசாங்கு தனக்கு ஆகாது என்று யோசித்து முடிவெடுத்து ஊரறியச் சொல்கிறார் என்று தோன்றும். ஐந்தில் ஹேட்டுக்கு மிக நெருக்கமானது இதுதான். பெரும்பாலான இடங்களில் டிடெஸ்ட்டையும் லோத்தையும் மாற்றிப் போட்டாலும் வாக்கியம் கெடாது. அந்த இடங்களில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற முடியாத இடங்கள் லோத்துக்கு உண்டு. அவை உடம்பு சம்பந்தப்பட்டவை. லோத்தும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல்தான். முதலில் பகை என்ற பொருளில் இருந்தது, பிறகு வயிற்றைப் பிரட்டும் உணர்வின் பக்கம் நகர்ந்தது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில், பாலைவனத்தில் தினமும் மன்னா என்ற உணவையே தின்று சலித்துப்போன இஸ்ரவேலர்கள், இந்த அற்ப அப்பத்தை எங்கள் ஆத்துமா லோத் பண்ணுகிறது என்று மோசேயிடம் முறையிடுகிறார்கள். அந்த இடத்தில் அப்ஹோர் வைத்திருந்தால் அறச்சீற்றம் மாதிரி ஆகியிருக்கும். டிஸ்பைஸ் வைத்திருந்தால் திமிர் தெரிந்திருக்கும். லோத் என்று வைத்ததால் தொண்டைக்குள் இறங்க மறுக்கும் சோறு தெரிகிறது.

தமிழில் இதற்கு அருவருப்பு, குமட்டல் என்று சொல்லலாம். ‘டிஸ்கஸ்ட்’ என்ற பெயர்ச்சொல்லும் இந்தப் பக்கம்தான். சுவைக்குரிய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சார்ல்ஸ் டார்வின் உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் பற்றி 1872இல் எழுதியபோது, தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள டியர்ரா டெல் ஃபுவேகோவில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதப்படுத்திய குளிர்ந்த இறைச்சியை உள்ளூர்க்காரர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, அதன் கொழகொழப்பில் முகம் சுளித்தார். அந்த மனிதரின் கை அழுக்காக இல்லாவிட்டாலும், அவர் தொட்டுவிட்டார் என்பதற்காகவே டார்வினுக்கும் அந்த உணவு பிடிக்காமல் போனது. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பகையே கிடையாது. கேடு நினைக்கவும் இல்லை. உடம்பு மட்டும் பின்வாங்கியது. ஹேட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு மனிதரை லோத் பண்ணுவது என்றால் அவர் இருக்கும் அறையில் இருக்க முடியவில்லை என்று அர்த்தம். அவர் சிரிப்பு, சாப்பிடும் சத்தம், கதவைத் தட்டும் விதம் எல்லாமே மேலே ஊர்வதுபோல இருக்கும். அவர் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. தன் மீதே வரும் அருவருப்புக்கு ஆங்கிலத்தில் ‘செல்ஃப் லோதிங்’ என்ற தொடர் நிலைத்திருப்பதும் இதனால்தான். தன் உடம்பை விட்டு விலக முடியாத ஒருவர் விலகத் துடிப்பதை அது சொல்கிறது.

அப்ஹோரும் விலகுவதுதான், ஆனால் வயிறு சொல்லி இல்லை, மனசாட்சி சொல்லி. ‘ஹாரர்’ என்ற சொல் இதற்குள்ளேயே இருக்கிறது. மயிர் குத்திட்டு நிற்பது அதன் பொருள். அதே 1611 பைபிளில் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரம் தீமையை அப்ஹோர் பண்ணுங்கள் என்கிறது. இந்த வினைக்குப் பின்னால் வருபவற்றைக் கவனியுங்கள்: கொடுமை, வன்முறை, அடிமைமுறை, இனவெறி. பெரும்பாலும் செயல்களும் கொள்கைகளும்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரரை அப்ஹோர் பண்ணுவதாக யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. அரசும் கட்சிகளும் கண்டன அறிக்கை வெளியிடும்போது இந்தச் சொல்லைத் தேடி எடுக்கும். சாப்பாட்டு மேசையில் எடுத்தால் பொருந்தாது.

இயற்கை வெற்றிடத்தை அப்ஹோர் பண்ணுகிறது என்று ஒரு பழமொழி ஆங்கிலத்தில் உண்டு. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் கருத்து அது. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிவியலாளர் டொரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்து, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் பாதரசம் நிற்பதையும் அதற்கு மேல் வெற்றிடம் இருப்பதையும் காட்டினார். இயற்கைக்கு ஒரு திகிலும் இல்லை, காற்றின் அழுத்தம்தான் என்று ஆனது. அறிவியல் அந்தக் கருத்தைக் கைவிட்டுவிட்டாலும் சொல் பழமொழியில் தங்கிவிட்டது. காலியான பதவி, தலைவர் இல்லாத கட்சி என்று எதற்கும் இன்றும் இதைச் சொல்கிறார்கள். அபாமினேட் பற்றி ஒரு வரி போதும்: கெட்ட சகுனம் என்று விலகுவது அதன் வேர், இன்று எழுத்தில் அபூர்வம், அதன் பெயரடையான அபாமினபிள் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது டிஸ்பைஸ். தமிழர்கள் அதிகம் தவறாகப் போடுவதும், சரியாகப் போட்டால் அதிகம் பலன் தருவதும் இந்தச் சொல்தான். இதன் வேர் கீழே பார்ப்பது. ரெஸ்பெக்ட்டும் இதே வேரில் முளைத்தது. அங்கே திரும்பிப் பார்ப்பது, இங்கே கீழே பார்ப்பது. எனவே டிஸ்பைஸுக்கு எதிர்ச்சொல் லவ் இல்லை, ரெஸ்பெக்ட். ஹேட்டுக்குத்தான் லவ் எதிர்ச்சொல். எதைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ‘அவன் மேல் எனக்கு அன்பே இல்லை’ என்று சொல்ல வருகிறீர்களா, ‘அவன் மேல் எனக்கு மதிப்பே இல்லை’ என்று சொல்ல வருகிறீர்களா? இரண்டாவது என்றால் டிஸ்பைஸ்.

தமிழில் இதற்குச் சரியான சொல் எப்போதிருந்தோ இருக்கிறது: எள்ளுதல். ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து’ என்ற 667ஆம் குறளில் வள்ளுவர் சொல்வது வெறுப்பை இல்லை. ஆளின் உருவத்தைப் பார்த்துவிட்டு இவன் ஒரு பொருட்டா என்று நினைப்பதை. ஜி.யு.போப் 1886இல் வெளியிட்ட தன் ஆங்கிலக் குறளில் இந்த இடத்தில் டிஸ்பைஸ் என்றே போட்டார். அங்கே ஹேட் வந்திருந்தால் குறளின் பொருளே போயிருக்கும். சின்ன உருவத்தைப் பார்த்து யாரும் பகைகொள்வதில்லை, அலட்சியம்தான் செய்கிறார்கள்.

இதன் பெயர்ச்சொல் ‘கன்டெம்ப்ட்’. டிஸ்பைஸுக்குப் புழக்கத்தில் சொந்தப் பெயர்ச்சொல் இல்லாததால் இதைக் கடன் வாங்கிக்கொள்கிறது. ‘கன்டெம்ப்ட் ஆஃப் கோர்ட்’ என்பதை நாம் நீதிமன்ற வெறுப்பு என்று சொல்வதில்லை, நீதிமன்ற அவமதிப்பு என்கிறோம். நீதிபதியை உள்ளுக்குள் எவ்வளவு வெறுத்தாலும் சட்டம் கண்டுகொள்ளாது. மதிக்காமல் நடந்தால்தான் வழக்கு. கன்டெம்ப்ட் என்பது உயரம் சம்பந்தப்பட்டது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

திருமண உறவுகளைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், மணமுறிவை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களில் முதலிடம் கன்டெம்ப்ட்டுக்குத் தருகிறார். சண்டைக்கோ கோபத்துக்கோ தரவில்லை. உதட்டைச் சுழிப்பது, கண்ணை உருட்டுவது, ‘உனக்கு என்ன தெரியும்’ என்பது எல்லாம் அதன் வெளிப்பாடு. சண்டை போடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் ஒரே மட்டத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கன்டெம்ப்ட் வந்த வீட்டில் ஒருவர் மேலே ஏறிக்கொண்டார். கதைகளை மொழிபெயர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தமிழ்க் கதையில் கணவன் மனைவியை ‘வெறுக்கிறான்’ என்று வந்தாலும், அந்தப் பக்கம் முழுக்க அவன் அவளை அலட்சியமாகத்தான் நடத்துகிறான் என்றால், ஹேட் என்று எழுதுவது அவனுக்கு இல்லாத ஒரு தீவிரத்தைக் கொடுத்துவிடும்.

இந்த வேறுபாடெல்லாம் சொல் விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு இந்திய தேசத்துரோகச் சட்டத்தின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே இந்தச் சொற்களுக்கு இடையிலான தூரம் சிறைக்கும் வீட்டுக்குமான தூரமாக இருந்தது. தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவு 1870இல் சேர்க்கப்பட்டபோது, அரசின் மேல் ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ உண்டாக்குவது குற்றம் என்றது. அரசின் செயல்களைப் பற்றி ‘டிஸ்அப்ரோபேஷன்’ தெரிவிப்பது குற்றம் இல்லை என்றும் ஒரு விளக்கம் இருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எல்லை எங்கே? 1891இல் வங்காளத்தில் பங்கபாசி பத்திரிகை மேல் வழக்கு வந்தபோது, தலைமை நீதிபதி பெத்தராம் ஜூரிகளுக்கு எல்லையை விளக்கினார்: டிஸ்அஃபெக்‌ஷன் என்றால் அன்புக்கு எதிரான உணர்வு, அதாவது டிஸ்லைக் அல்லது ஹேட்ரட் (ஹேட்டின் பெயர்ச்சொல்); டிஸ்அப்ரோபேஷன் என்றால் வெறுமனே ஒப்புக்கொள்ளாமை. 1897இல் பம்பாயில் திலகர் வழக்கு. நீதிபதி ஸ்ட்ராச்சி அந்தச் சொல்லை இன்னும் அகட்டினார். ஹேட்ரட், என்மிட்டி (பகைமை), டிஸ்லைக், ஹாஸ்டிலிட்டி (விரோதம்), கன்டெம்ப்ட், எல்லா வகையான ‘இல்வில்’லும் (கெட்ட எண்ணம்) அதற்குள் அடக்கம் என்றார். திலகருக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். அடுத்த ஆண்டே, 1898இல், சட்டத்தைத் திருத்தி ‘ஹேட்ரட் ஆர் கன்டெம்ப்ட்’ என்ற சொற்களைப் பிரிவுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள்.

‘ஆர்’ போட்டு இரண்டையும் தனித்தனியாக எழுதியிருப்பதைப் பாருங்கள். அரசைப் பகையாக நினைக்க வைத்தாலும் குற்றம், அரசை ஒரு பொருட்டாகவே நினைக்காதபடி செய்தாலும் குற்றம். ஆள்கிறவர்களுக்கு இரண்டாவது எவ்வளவு ஆபத்து என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1908இல் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலி வழக்கில் தண்டிக்கப்பட்டது இந்தப் பிரிவில்தான். 1922இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் நின்ற காந்தி, அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்யவோ ஒழுங்குபடுத்தவோ முடியாது என்று சொன்னது, டிஸ்அஃபெக்‌ஷன் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ‘அஃபெக்‌ஷ’னைப் பிடித்துத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் ஹேட்ரட், கன்டெம்ப்ட், டிஸ்அஃபெக்‌ஷன் மூன்றுமே இல்லை. டிஸ்அப்ரோபேஷன் மட்டும் விளக்கத்தில் இன்னும் நிற்கிறது.

சரி, மாமனாருக்கு வருவோம். அந்த ஒற்றை வரியை வைத்து விடை சொல்ல முடியாது, கதைதான் சொல்ல வேண்டும். மாமனார் அவன் குடும்பத்தைக் கெடுத்தவர், அவர் அழிய வேண்டும் என்று அவன் நினைக்கிறான் என்றால் ஹேட். கெடுதல் எதுவும் செய்யவில்லை, ஆனால் அவர் வெற்றிலை மென்று துப்புவதும் மேலே சாய்ந்து பேசுவதும் இவனுக்குத் தாங்கவில்லை என்றால் லோத். அவர் கைநீட்டி லஞ்சம் வாங்கியவர், எல்லார் முன்னாலும் குழைகிறவர், இவன் அவரை மனிதனாகவே மதிக்கவில்லை என்றால் டிஸ்பைஸ். ‘இந்த ஆள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்’ என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்றால் டிடெஸ்ட் நன்றாக இருக்கும். அப்ஹோர் இங்கே அநேகமாக வராது. மாமனாரின் செயலுக்கு வேண்டுமானால் அதைப் போடலாம்: மருமகளை அவர் நடத்திய விதத்தை அவன் அப்ஹோர் பண்ணினான் என்பது சரியான ஆங்கிலம்.

அகராதி காட்டாத ஆறாவது சொல் ஒன்று இருக்கிறது. நம் குடும்பக் கதைகளில் பாதிக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ரிசென்ட். பேசியபடி நகை போடவில்லை, நிலத்தை மூத்த மருமகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார், கல்யாணத்தன்று பந்தியில் கடைசியாக உட்காரவைத்தார் என்பது மாதிரி ஒரு மனக்குறை உள்ளே கிடந்து கசந்துகொண்டே இருந்தால் அது ஹேட் இல்லை. தனக்கு அநியாயம் நடந்தது என்ற எண்ணம் ரிசென்ட்டுக்கு அவசியம் வேண்டும். அது பெரும்பாலும் வெளியே வராது. ரிசென்ட் பண்ணுகிறவன் மாமனார் காலில் விழுந்து ஆசீர்வாதமும் வாங்குவான். தமிழில் மனக்கசப்பு, மனத்தாங்கல் என்கிறோம். மொழிபெயர்ப்பில் இதை ஹேட் ஆக்கினால், கதாசிரியர் அடக்கி வைத்ததை நாம் கத்திச் சொன்னதாகிவிடும்.

அப்புறம் இலக்கணம், சுருக்கமாக. ஹேட்டுக்குப் பின்னால் ‘டு’ போட்ட வினையும் வரும், ‘இங்’ போட்ட வினையும் வரும். லோத்துக்கும் டிடெஸ்ட்டுக்கும் ‘இங்’ மட்டும்: ‘ஐ டிடெஸ்ட் வெயிட்டிங்’ சரி, ‘ஐ டிடெஸ்ட் டு வெயிட்’ தப்பு. ரிசென்ட்டுக்கும் ‘இங்’தான். டிஸ்பைஸுக்கும் அப்ஹோருக்கும் பின்னால் பெயர்ச்சொல் வைப்பதே பாதுகாப்பு. நாம் ‘வெறுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற நினைப்பில் ‘ஐ ஆம் ஹேட்டிங் ஹிம்’ என்று எழுதிவிடுகிறோம்; மன நிலையைச் சொல்லும் வினைகளுக்கு எழுத்தில் அந்த வடிவம் வராது, ‘ஐ ஹேட் ஹிம்’ போதும். ‘வெரி’யை எந்த வினைக்கும் முன்னால் போடாதீர்கள். ஹேட்டுக்கு ‘ரியலி’, மற்ற நாலுக்கும் ‘அப்சல்யூட்லி’ இயல்பாகச் சேரும். கன்டெம்ப்ட்டுக்கு, நீதிமன்றத்தை விட்டால், ‘ஃபார்’, ஹேட்ரட்டுக்கு ‘ஆஃப்’ அல்லது ‘ஃபார்’, அவெர்ஷனுக்கு ‘டு’. அப்ஹோர் இறந்தகாலத்தில் கடைசி ஆர் எழுத்தை இரட்டிக்கும்.

லோத்தில் ஒரு பொறி இருக்கிறது. கடைசியில் ஆங்கில ஈ எழுத்து உள்ள லோத் வினைச்சொல். அதன் கடைசி ஒலி நம் ‘அது’வில் வரும் த மாதிரி அதிர்ந்து ஒலிக்கும். அந்த ஈ இல்லாமல் இன்னொரு லோத் உண்டு. அது பெயரடை, ‘திங்க்’ சொல்லின் முதல் ஒலியோடு முடியும், பொருள் ‘தயங்குகிற, மனமில்லாத’. ‘ஹி வாஸ் லோத் டு லீவ்’ என்றால் அவனுக்குக் கிளம்ப மனமில்லை என்று அர்த்தம், வெறுப்பு ஒன்றும் இல்லை. அச்சான ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே இந்த இடத்தில் ஈ சேர்ந்துவிடுவதுண்டு. உங்கள் மொழிபெயர்ப்பில் மெய்ப்புப் பார்க்கும்போது இந்தச் சொல் வரும் இடங்களை மட்டும் தனியாக ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்; எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இரண்டையும் சரி என்றே விட்டுவிடும்.